நிமிர்ந்து நின்ற ஏழு

ஒரகடம் கூட்ரோட்டில் போன வாரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எதிரே ஏதோ ஒரு கம்பெனியின் சுற்றுவேலிக்கு இரண்டு பேர் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பி என் பக்கம் வந்தது. எனாமலும் தின்னரும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நாலடி தள்ளிப் போய்க் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டேன்.

"இன்னா சார், அலர்ஜியா?" என்றார் பக்கத்தில் நின்றவர். நைட் ஷிப்டு முடித்த சிவந்த கண்கள் அவருக்கு.

ஆமாம் என்றேன்.

அலர்ஜி எல்லாம் இல்லை. எனக்கு அந்த வாடைக்குள் குட்டிகள் கத்தும். பத்தொன்பது குட்டிகள், பத்தொன்பது தினுசாக. பசியில் கத்தும்போது செம்மறிக் குட்டியின் குரல் நடுவில் உடையும், கிழிந்த துணியை இன்னும் கொஞ்சம் கிழிப்பதுபோல.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் அண்ணனைப் பற்றி அங்கங்கே எழுதிவிட்டேன். அண்ணியைப் பற்றி மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் அந்த வேலிக்காரர்கள் விடவில்லை.

அந்த வருஷம்

தொண்ணூற்றொன்று என்று சொன்னால் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆள் எவனிடமும் எல்லோரும் ஒன்றையேதான் கேட்பார்கள். அந்தக் கோடையில் எங்கள் ஊர்ப் பெயர் உலகத்து ரேடியோ எல்லாவற்றிலும் வந்தது. பிறகு பல மாதம், பஸ்ஸில் 'எந்த ஊரு' என்று கேட்டவர்கள் பதிலைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டுக்குச் சாவு அந்த வருஷம் ஐப்பசியில்தான் வந்தது.

அண்ணன் ஏழுமலை ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெங்களூர் ரோட்டைக் கடந்தான். விடிந்தும் விடியாத நேரம், தூறல். ஒரு லாரி. ஐந்து ஆடும் அவனும். லாரி நிற்கவில்லை. செத்த ஆடுகளை ஓரமாக இழுத்துப் போட வந்தவர்கள்தான் அடியில் கிடந்தவனைப் பார்த்தார்கள்.

அவன் போனதோடு வீட்டில் இன்னொன்றும் போனது. ஆட்டு முகம் தெரிந்த கண்.

அப்போது பிள்ளைப்பாக்கத்தில் எங்களுக்குப் பட்டி இருந்தது. எங்கள் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. சிவப்பாகக் குட்டை மயிர், தொங்கும் காது, எல்லாம் ஒரே வார்ப்பு. பிறந்த குட்டிகளைப் பகலில் மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து அதற்குள் வைத்துவிட்டு, தாய்களை மேய்ச்சலுக்கு ஓட்டுவோம். சாயங்காலம் தாய்கள் திரும்பும்போது எந்தக் குட்டி எந்தத் தாய்க்கு என்று அண்ணன் ஒருவனுக்குத்தான் தெரியும். கூடையைத் தூக்குவான், குட்டியை எடுப்பான், கூட்டத்துக்குள் நடந்து போய் ஒரு மடியில் கொண்டு விடுவான். ஒருநாளும் தப்பியதில்லை.

நான் அப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பீரோ பட்டறையில் பெயிண்டர். எப்படி அடையாளம் வைத்திருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"உங்க கம்பெனில எல்லா பீரோவும் ஒரே மாறி கீது. ஆடு அப்டியாடா கீது?" என்றான். அதற்கு மேல் அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

தாய்வீட்டு ஆடு

அண்ணியின் பெயர் பவுனு. சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்தவள். ஐந்து வருஷக் குடித்தனம், பிள்ளை இல்லை. குரல் கொஞ்சம் கரகரப்பு. சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள்.

கல்யாணத்தில் அவளுக்குச் சீராக ஒரு பொட்டை ஆடு கொடுத்திருந்தார்கள். எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண் தாய்வீட்டிலிருந்து கொண்டுவரும் ஆடும், அது ஈனும் குட்டியும், அந்தக் குட்டி ஈனும் குட்டியும் அவளுடையவை. மாமியார் கேட்க முடியாது, புருஷன் விற்க முடியாது. முதல் ஆடு கழிந்துபோய், அதன் வழியில் அப்போது நாலு ஆடு நின்றன. இடது காது கீறியிருக்கும். யாரும் அவற்றை இல்லை என்று சொல்ல முடியாது.

சிக்கல் வயிற்றில் இருந்தது. அந்த நாலும் சினை. பட்டியில் மொத்தம் பதினெட்டு ஆடு சினை. அண்ணனின் காரியம் முடிந்த கையோடு அடைமழைக்கு நடுவில் வரிசையாக ஈன ஆரம்பித்தன. பட்டி சேறாகிவிட்டதால் எல்லாவற்றையும் ஏரிக்கரைப் பக்கம் கைவிட்ட செங்கல் சூளையின் கொட்டகைக்கு மாற்றினோம். பச்சைக் குட்டிக்குக் காது கீற மாட்டார்கள், சீழ் பிடிக்கும். அடையாளம் இல்லாத குட்டிகள் ஒரே கூரையின் கீழ் கலந்து கிடந்தன.

மாதக் கடைசியில் அண்ணியை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் தணிகாசலம் வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். அவள் எத்தனை குட்டியோடு போவாள் என்பதுதான் கேள்வி. வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. குட்டிக்கூடையைக் கடக்கும்போதெல்லாம் அம்மாவின் கண் மட்டும் கேட்டது.

அண்ணிதான் என்னிடம் வந்தாள். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, தாய்க்கும் குட்டிக்கும் நம்பர் போட்டுடேன். உங்க பட்டறையில போடுவீங்களே, அந்த மாறி."

"உங்களுக்குத்தான் தெரியுமே அண்ணி, எது எதோடதுன்னு. எல்லா ஈத்துக்கும் நீங்கதான கிட்ட இருந்தீங்க."

"எனிக்குத் தெரியும். நான் சொன்னா ஒத்துப்பாங்களா? பவுனு தனக்குத் தோதா சொல்லிகினாம்பாங்க. நீ போட்டா யாரும் வாய் தொறக்க மாட்டாங்க."

பிறகு, "மூணு பொட்டக்குட்டியாச்சும் தேறணும் தம்பி. அப்பத்தான் அண்ணன் வூட்டுல நான் கையேந்தாம நிப்பேன்" என்றாள்.

நம்பர் பிளேட்டு

எண்ணெய் டின்னை வெட்டி விரித்து எண்களைத் துளைத்தேன். தகரக் கத்தரிக்கு வளைவு சரியாக வராது. என்னுடைய எண்கள் எல்லாம் நேர்கோட்டில்தான் இருக்கும். ஏழு கூட சாயாது. மேலே ஒரு படுக்கைக் கோடு, அதன் வலது முனையிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு. நிமிர்ந்து நிற்கும் ஏழு. பட்டறையில் அதைப் பார்த்து மேஸ்திரியே பாராட்டியிருக்கிறார்.

மிச்சமிருந்த பச்சை எனாமலைக் கொண்டுவந்தேன். மழைக்காலம், சீக்கிரம் காய வேண்டும் என்று தின்னரைத் தாராளமாக ஊற்றினேன். அண்ணி குட்டியைப் பிடிக்க, நான் பஞ்சால் ஒற்றினேன். தாய்க்கு இடுப்புக்குப் பின்னால். குட்டிக்கு வாலுக்கு மேலே, புட்டத்தில், கூட்டத்தில் பின்னாலிருந்து பார்த்தாலும் தெரியும்படி.

அடுத்த பட்டிக்காரர் கன்னியப்பன் குடையோடு வந்து நின்றார். எங்கள் தெருவில் எந்தத் தகராறுக்கும் நடுவில் நிற்பவர் அவர்தான்.

"இன்னாடா மணி, ஆட்டுக்கு நம்பர் பிளேட்டா?"

"ஆமாண்ணா."

"இந்த ஏழாம் நம்பர் பஸ்ஸு எங்க போவுது? வாலாஜாபாத்தா?"

"சேரப்பணஞ்சேரி போவுது" என்று அண்ணி சொல்லிவிட்டாள். சொன்னதும் கையால் வாயை மூடிக்கொண்டாள். அண்ணன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கூடையருகே நின்ற அம்மா சிரிக்கவில்லை.

ஏழாம் நம்பர் அண்ணியின் ஆடு. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து நாலும் அவளுடையவை. எங்கள் செம்மறி ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். அந்த வருஷம் ஏழு மட்டும் இரட்டை போட்டிருந்தது, இரண்டும் பொட்டை. அதனால் பதினெட்டு தாய்க்குப் பத்தொன்பது குட்டி, அவற்றில் இரண்டு குட்டிக்கு ஏழு.

இரண்டாவது ஏழைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அண்ணி மூக்கைச் சுளித்தாள்.

"இன்னா தம்பி இப்டி நாறுது?"

"காஞ்சா பூடும் அண்ணி" என்றேன்.

மூக்கு

தாய் ஆடு குட்டியை முகத்தைப் பார்த்துச் சேர்ப்பதில்லை. குட்டி மடியை முட்டும்போது தாய் தலையைத் திருப்பி அதன் வாலடியை மோந்து பார்க்கும். தன்னுடைய வாடை இருந்தால் பால் விடும். இல்லையென்றால் ஒரே முட்டு. பட்டியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியும். பால் குடிக்கும் குட்டியின் வாலை அண்ணன் தாயின் மூக்குப் பக்கம் திருப்பி விடுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

தெரிந்துதான் அந்த இடத்தில் தின்னரைப் பூசினேன். பின்னாலிருந்து நம்பர் தெரிய வேண்டும் என்ற ஒன்றுதான் மண்டையில் இருந்தது. பீரோ மோந்து பார்க்காது.

சாயங்காலம் தாய்கள் வந்தன. கூடைகளைத் தூக்கினோம். குட்டிகள் ஓடின. தாய்கள் மோந்தன, தும்மின, முட்டின. பதினெட்டும். முட்டிவிட்டுத் தலையைத் தூக்கி எங்கோ பார்த்துக் குட்டியைக் கூப்பிட்டன. காலடியில் குட்டி கத்திக்கொண்டிருக்க, அதே குட்டியைத் தூரத்தில் தேடிக் கூப்பிட்டன. அந்தச் சத்தத்தைத்தான் நான் கூட்ரோட்டில் கேட்டேன்.

"இன்னாடா பண்ணி வெச்ச?" என்றாள் அம்மா.

கிருஷ்ணாயில்

பீரோவில் பெயிண்ட் தப்பாகப் பட்டால் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைப்போம். மறுநாள் காலையில் நான் குட்டிகளையும் அப்படித் துடைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். வாடை இரண்டு மடங்கானது. பத்து நாள் தோல் அது, வெந்துபோனது. வாலடி சிவந்து, மயிர் கொத்தாகக் கையோடு வந்தது. நம்பர்கள் பச்சையாக இழுபட்டு, சில அழிந்தும் சில பாதியாகவும் நின்றன.

ஆட்டின் கழுத்தைத் தொடையிடுக்கில் நெரித்துப் பிடித்துக்கொண்டு, பின்னங்காலைத் தூக்கி, குட்டியின் வாயை மடியில் திணிக்க வேண்டும். அண்ணி நாலு நாள் அதைச் செய்தாள். தன் குட்டி, எங்கள் குட்டி என்று பார்க்கவில்லை. எது கத்தியதோ அதற்கு ஊட்டினாள். தொடை முழுக்கக் கன்றிப்போய் நடக்கமுடியாமல் நடந்தாள்.

ஆனாலும் மழை, குளிர், வெறும் வயிறு. பதினோரு குட்டி செத்தன. சூளையில் மண் தோண்டிய பழைய குழியில் அவற்றைப் போட்டு மூடியது நான். ஒவ்வொன்றையும் திருப்பி வாலடியைப் பார்த்துவிட்டுப் போட்டேன். எட்டு, ஒன்பது, பத்து. மூன்றும் அண்ணியுடையவை. எங்களுடையதில் எட்டு. அந்த எட்டில் ஒன்றாம் நம்பரும் இருந்தது. அது மூன்றாம் நாள் போனது, பொட்டைக்குட்டி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்கவும் ஆளில்லை.

அண்ணிக்கு மிச்சம் இரட்டை மட்டும். ஏழாம் நம்பர் ஆட்டின் பாலைக் கறந்து அவற்றின் வாலடியில் தடவித் தடவி, ஐந்தாம் நாள் ஒன்றைச் சேர்த்துவிட்டாள். தாய் மோந்தது, அடித்தொண்டையில் உறுமியது, கால் அகட்டி நின்றது. அண்ணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இன்னொரு குட்டிக்குப் புண் அதிகம், அதைத் தாய் இன்னும் சேர்க்கவில்லை. பிடித்து வைத்துத்தான் ஊட்ட வேண்டியிருந்தது.

அந்தக் குட்டியின் நம்பரில் மேல்கோடு அழிந்திருந்தது. கீழ்நோக்கிய கோடு மட்டும் நின்றது.

ஒண்ணா, ஏழா

தணிகாசலம் டயர் மாட்டு வண்டியோடு வந்தார். சாதுவான மனுஷன். அழுக்கில்லாத வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அன்று காலை அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "எம்புள்ளயத்தான் ஆண்டவன் எடுத்துகினு பூட்டான். இந்த வூட்டுது ஒண்ணும் இனிமே வெளிய போவக் கூடாது." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்த அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன்.

குட்டி யாருடையது என்று வழக்கு வந்தால் எங்கள் ஊரில் வெட்டவெளியில் விட்டுப் பார்ப்பார்கள். தாய்களை ஒரு பக்கம், குட்டிகளை ஒரு பக்கம் நிறுத்தி விட்டால், குட்டி தன் தாயிடம் ஓடும், தாயும் சேர்க்கும். அத்தோடு பேச்சு முடிந்தது. கன்னியப்பன் அதைத்தான் செய்தார். பிழைத்த எட்டுக் குட்டிகளையும் விட்டார்.

ஏழு போட்ட குட்டி ஒன்று நேராகத் தாயிடம் போய் முட்டிக் குடித்தது. மிச்சக் குட்டிகள் எல்லாம் பசியில் கிடைத்த மடிக்கெல்லாம் பின்பக்கமாக ஓடின, உதைபட்டுத் திரும்பின. தாய் சொல்லும் சாட்சியை நான் ஏற்கெனவே கெடுத்துவைத்திருந்தேன்.

எங்களுடைய ஆறுக்கு நம்பர் ஓரளவு தெரிந்தது. மேல்கோடு அழிந்த குட்டி மட்டும்தான் பாக்கி. கன்னியப்பன் அதைத் தூக்கித் திருப்பினார்.

"ஒண்ணு மாறி கீதே."

"ஏழுண்ணா அது. மேல்கோடு அழிஞ்சி பூட்ச்சி" என்றாள் அண்ணி. "நான்தான ஏழாம் நம்பர்ல அதுக்கு ஊட்டிகினு கீறேன்?"

"நீ எல்லாக் குட்டிக்குந்தான் ஊட்டின" என்றாள் அம்மா. "ஒண்ணாம் நம்பர் ஆடு குட்டி இல்லாம நிக்கிதில்ல? அதோட குட்டி எங்க?"

அண்ணி சூளைக் குழியின் பக்கம் பார்த்தாள். குழியில் எது போனது என்று அவளுக்குத் தெரியாது. அவள் கொட்டகைக்குள் இன்னொரு ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கன்னியப்பன் என் பக்கம் திரும்பினார். "நீதான மணி போட்ட? நீயே சொல்லு. ஒண்ணா, ஏழா?"

மழை விட்டிருந்தது. கொட்டகை ஓட்டிலிருந்து சொட்டியது. அம்மா முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். ஏழு என்றால், என் நம்பர் நிற்கவில்லை என்று நாலு பேருக்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். ஏற்கெனவே பதினோரு குட்டி என் பேரில் குழியில் இருந்தன. ஒன்று என்றால், பிள்ளை போனவள் பல்லில் கடித்த முந்தானையை விடுவாள். இதில் எது எவ்வளவு என்று முப்பது வருஷத்துக்கு மேலாகப் பிரித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

"ஒண்ணு" என்றேன்.

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. கன்னியப்பன் கையில் இருந்த குட்டியைப் பார்த்தாள்.

"சரி வுடு பவுனு" என்றார் தணிகாசலம். "எழுத்து இன்னா சொல்லுதோ அதான். மாப்ள பொய்யா சொல்லப் போறாரு?"

ஏரிக்கரை வரை

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் குட்டியை ஒன்றாம் நம்பர் ஆடு ஒருநாளும் சேர்க்கவில்லை. நான் இரண்டு நாள் பிடித்து ஊட்டினேன். பட்டறையில் கல்யாண பீரோக்களுக்கு ஓவர்டைம் போட்டார்கள், மூன்றாம் நாள் வரத் தாமதமாயிற்று. கூடையைத் தூக்கியபோது கத்தல் இல்லை. அம்மா வெளியே வந்து பார்த்தாள், உள்ளே போனாள்.

அண்ணி அடுத்த வருஷமே ஆடுகளை விற்றுவிட்டு ஜல்லிக் குவாரியில் கல் உடைக்கப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒரு குட்டியால் அது மாறியிருக்காது. இப்படிச் சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருக்கிறது.

அன்றைக்கு வருகிறேன். டயர் வண்டியில் அவளுடைய டிரங்குப் பெட்டி ஒன்றும் பாய் ஒன்றும் ஏறின. நாலு ஆடும் வண்டிக்குப் பின்னால் நடந்தன. ஒரு குட்டியை அண்ணி தோளில் போட்டுக்கொண்டாள். இன்னொன்று அம்மாவின் கைப்பிடியில் திமிறியது. வண்டி நகர்ந்ததும் ஏழாம் நம்பர் ஆடு நின்றது, திரும்பிப் பார்த்தது, தணிகாசலம் கயிற்றை இழுத்ததும் நடந்தது.

நான் ஏரி மதகு வரை கூடப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வழியில் அவள் ஏதாவது திட்டுவாள், அத்தோடு விட்டது என்று நினைத்திருக்கலாம். தோளில் கிடந்த குட்டியின் வாலடியில் என் பச்சை ஏழு ஆடிக்கொண்டே போனது.

மதகில் அவள் நின்றாள். வண்டி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி."

"இன்னா அண்ணி."

"வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒரு தபா, வந்து ஒரு தபா, எந்த ஆட்டயாவது புடிச்சி வெச்சி அந்தக் குட்டிக்கு ஊட்டு. ஒண்ணாம் நம்பர் அத்த சேத்துக்காது. அதோட தாய நான் இஸ்துகினு போறேன்."